விரலுக்கு ஒரு விலைப்பட்டியல்

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்களின் வரலாற்றை எழுதும்போது யூனியன், வேலைநிறுத்தம் எல்லாம் வந்துவிடுகிறது. விபத்து வருவதில்லை. அதற்கான முக்கியமான ஆவணம் 1923-ம் வருட தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். மார்ச்சில் நிறைவேறியது. ரெண்டு மாதத்தில், மே 1 அன்று, சிங்காரவேலர் ஹைகோர்ட் எதிரே கடற்கரையில் மே தினக் கூட்டம் நடத்தினார். சட்டம் 1924 ஜூலை 1-ல்தான் அமலுக்கு வந்தது.

ரயில்வே, தொழிற்சாலை, கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குவது என்று வேலைகளின் பட்டியல் ஒன்று இதில் உண்டு. வடசென்னைக்கே எழுதினமாதிரி இருக்கும். இன்னொரு பட்டியல்தான் உலுக்கியது. முழு ஊனத்துக்கு 42 மாதச் சம்பளம், உச்சவரம்பு 3,500 ரூபாய். வலது கை முழங்கைக்கு மேல் போனால் அதில் 70 சதவீதம், இடது கைக்கு 60. ஒரு கண்ணுக்கு 30, கட்டைவிரலுக்கு 25. ஆள்காட்டி தவிர மற்ற விரலுக்கு 5, அதாவது ரெண்டு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வலது கைக்கு 29.4 மாதச் சம்பளம். உயிரே போனால்? 30 மாதம். இடக்கைப் பழக்கம் உள்ளவர் கதி என்ன என்று கேட்டால் பட்டியலில் பதில் இல்லை.

ஆனால் பெரிய ஓட்டை வேறு. முதலாளி இன்ஷூரன்ஸ் எடுத்தே தீரணும் என்று சட்டம் சொல்லவில்லை. கையில் பணமில்லாத முதலாளியிடம் தீர்ப்பு வாங்கி என்ன செய்வது? இதற்கான பதில்தான் 1948-ம் வருட ஈ.எஸ்.ஐ. சட்டம். முதலாளியும் தொழிலாளியும் மாசாமாசம் கட்டும் பொது நிதியிலிருந்து பணம். 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வடசென்னைக்காரர் பலருக்கும் தெரிந்ததுதான்.

ரெண்டுக்கும் நடுவே விழுந்தவர் விவசாயக் கூலி. பழைய பட்டியலில் அவர் இல்லை. பிறகு டிராக்டர், மின்சார இயந்திரம் வைத்துச் செய்யும் விவசாயம் சேர்க்கப்பட்டது.

இப்போது ஒரு பழைய கிடங்கில் அடுக்கு போட்டு, ஏசி ஓட்டி, ஆறு பேர் காளான் வளர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்குக் குறைவு, பொதுவாக ஈ.எஸ்.ஐ. இல்லை. தொழிற்சாலையா, விவசாயமா? ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவருக்கு 1923-ம் வருடக் கேள்வியே திரும்ப வருகிறது: பணம் யார் கையில் இருக்கிறது? பாலிசி இருக்கா என்று வேலைக்குச் சேரும் அன்றே கேட்டுவிடுங்கள்.