கத்தோலிக்க யூனியனிஸ்ட் டெனிஸ் ஹென்றி

‘யூனியன்’ என்றதும் நம்மில் பலருக்கு ஆலைத் தொழிலாளர் சங்கமே நினைவுக்கு வரும். அயர்லாந்திலோ அதன் பொருள் வேறு. அயர்லாந்து பிரிட்டனோடு இணைந்தே இருக்க வேண்டும் என்று வாதாடியவர்களை அங்கே யூனியனிஸ்டுகள் என்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் புரோட்டஸ்டண்டு சபையார். தன்னாட்சி கோரியவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். இந்த வரம்புக்கு அடங்காத ஒருவரைப் பற்றி இங்கே கூற விரும்புகிறோம்.

டெனிஸ் ஸ்தனிஸ்லாஸ் ஹென்றி 1864-ல் வட அயர்லாந்தின் டெரி மாவட்டத்தில், டிரேப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரின் அருகே கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். (ஸ்தனிஸ்லாஸ் என்ற பெயர் நமக்கும் புதிதன்று!) இங்கிலாந்தில் சேசு சபையாரின் பள்ளியில் பயின்றார்; பின் வழக்கறிஞரானார்.

1906 பொதுத் தேர்தலில் வட டிரோன் தொகுதியில் யூனியனிஸ்ட் வேட்பாளராக நின்றார். 9 வாக்குகளில் தோற்றார். மறு ஆண்டே அதே தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. மீண்டும் நின்றார், இம்முறை 7 வாக்குகளில் தோல்வி! இரண்டு குடும்பங்கள் மனம் மாறியிருந்தால் போதும். எனினும் அவர் கட்சியை விட்டு விலகவில்லை. 1916-ல், டப்ளின் ஈஸ்டர் எழுச்சி அடக்கப்பட்ட சில வாரங்களுக்குள், தம் சொந்தத் தொகுதியான தென் டெரியிலிருந்து பாராளுமன்றம் சென்றார்.

1919 முதல் 1921 வரை அயர்லாந்தின் அட்டர்னி ஜெனரலாக இருந்தார். அவை இரத்தம் சிந்திய ஆண்டுகள். அரசுப் படையினர் பழிவாங்கலாக ஊர்களைக் கொளுத்திய காலத்தில், லண்டன் பாராளுமன்றத்தில் அரசின் சார்பில் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் இருந்தார். அதற்காக நாம் அவருக்குப் பரிந்து பேச வேண்டியதில்லை. தம் மக்களுள் பலர் தம்மை அந்நியனாகக் காண்பர் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

நாடு பிரிக்கப்பட்டு வட அயர்லாந்து தனி அமைப்பானபோது, 1921-ல் அதன் முதல் தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டார். நீதிமன்றங்களையே புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. 1925 அக்டோபர் முதல் நாள், 61-ம் வயதில், பதவியிலிருக்கும்போதே இறந்தார்.

அவர் திறந்த வாசல் அவரோடு மூடிக்கொண்டது என்றே நமக்குத் தோன்றுகிறது. வட அயர்லாந்து அரசில் ஒரு கத்தோலிக்கர் அமைச்சராக 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தலைமை நீதிபதியின் இருக்கையில் அடுத்த கத்தோலிக்கரான பிரையன் கெர் அமர்ந்தது 2004-ல்தான்.