ஒரு பெட்டியின் விலை: லண்டனும் ரொட்டர்டாமும்

பத்திரிகையில் வர்த்தகப் பக்கத்தைக் கவனித்து வந்த காலத்தில், உலக வங்கி ஆண்டுதோறும் வெளியிட்ட வணிகச் சூழல் அறிக்கைக்காக ஆவலுடன் காத்திருப்பேன். ஒரு கொள்கலனை நாட்டுக்குள் இறக்குமதி செய்ய எத்தனை டொலர் செலவாகும் என்ற அட்டவணை அதில் இருக்கும். சுங்கவரியும் கடற்பயணக் கட்டணமும் அக்கணக்கில் சேர்வதில்லை. ஆவணங்கள், துறைமுக வேலை, உள்நாட்டுப் போக்குவரத்து ஆகியவற்றின் செலவே கணக்கு. பிரித்தானியாவையும் நெதர்லாந்தையும் ஒப்பிட்டு எழுதியபோது, 'வினைத்திறன்' என்ற ஒற்றைச் சொல்லால் வேறுபாட்டை விளக்கி முடித்தேன். தரவுகளில் முறைகேடு கண்டறியப்பட்டதால் 2021இல் அவ்வறிக்கையே கைவிடப்பட்டது. அந்த ஒற்றைச் சொல் எத்தனை பெரிய வரலாற்றை மறைத்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

1956 ஏப்ரல் 26ஆம் திகதி அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து மல்கம் மக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளுடன் புறப்பட்டது. உதிரிச் சரக்கைக் கப்பலில் ஏற்ற அந்நாளில் தொன்னுக்கு 5.83 டொலர் செலவாயிற்று. பெட்டி முறையிலோ ஏறத்தாழ 16 சதம் போதுமானதாயிருந்தது. சேமிக்கப்பட்டதில் பெரும்பகுதி, மூட்டை சுமந்த மனிதரின் கூலி என்பதை மறந்துவிடலாகாது.

1966 மே மாதம் மக்லீனின் 'ஃபெயர்லாண்ட்' கப்பல் ரொட்டர்டாமை அடைந்தது. உலகப் போரில் சிதைந்து, மீளக் கட்டியெழுப்பப்பட்ட துறைமுகம் அது. மறு ஆண்டே அங்குள்ள சரக்குக் கம்பனிகளும் நெதர்லாந்து ரயில்வேயும் கூட்டாகக் கொள்கலன் முனையம் ஒன்றை நிறுவின. றைன் நதியும் துணை நின்றது. இறங்கிய பெட்டிகளைப் படகிலேற்றி ஜேர்மனியின் தொழில் நகரங்களுக்கு மலிவாக அனுப்ப முடிந்தது.

லண்டன் துறைமுக நிர்வாகமும் டில்பரியில் நவீன இறங்குதுறைகளை அமைத்தது. ஆனால், 1968 ஜனவரியில் தொழிற்சங்கம் அங்கு புதிய கொள்கலன் சேவைகளைக் கையாளத் தடை விதித்தது. 1970 வரை அத்தடை நீடித்தது. ஆஸ்திரேலியாவுக்கான பிரித்தானியச் சரக்குகூட மறுகரைத் துறைமுகங்களுக்குச் சென்றே கப்பலேற நேர்ந்தது.

இதனைத் தொழிலாளரின் பிடிவாதம் என்று சுருக்கிவிடுவது எளிது. தலைமுறை தலைமுறையாக, விடிகாலையில் துறைமுக வாயிலில் நின்று, அன்றைக்கு வேலை கிடைக்குமா என்று ஏங்கியவர்கள் அவர்கள். நாட்கூலி முறை ஒழிந்து நிரந்தர வேலை கிடைத்தது 1967 செப்டெம்பரில்தான். அதன் மை உலருமுன் பெட்டி வந்து நின்றது. அவர்களுடைய அச்சம் பொய்யன்று.

ஆயினும் தடை அவர்களைக் காக்கவில்லை. சஃபோக் கரையோரத்தில், 1951இல் பாழடைந்து கிடந்த நிலையில் ஒரு தானிய வணிகர் வாங்கிய சிறு துறைமுகம் ஃபீலிக்ஸ்டோ. 1947ஆம் ஆண்டின் தேசியத் துறைமுகத் தொழிலாளர் திட்டம் அதனைக் கட்டுப்படுத்தவில்லை. 1967இல் அங்கு கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. லண்டன் ஏற்க மறுத்த சரக்கு அங்கு சென்றது. காலப்போக்கில் அதுவே பிரித்தானியாவின் மிகப்பெரிய கொள்கலன் துறைமுகமாயிற்று.

இலங்கைத் தேயிலைப் பெட்டிகள் அடுக்கப்பட்ட தேம்ஸ் கரைக் களஞ்சியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1968இல் சென் கதரின், 1980இல் வெஸ்ட் இந்தியா, 1981இல் றோயல் என லண்டன் நகரத் துறைகள் மறைந்தன. ஒருகாலத்தில் 70,000க்கும் அதிகமான துறைமுகத் தொழிலாளரைப் பதிவேட்டில் கொண்டிருந்த அத்திட்டம் 1989இல் ஒழிக்கப்பட்டபோது, எஞ்சியிருந்தோர் பத்தாயிரத்துக்கும் குறைவு.

ரொட்டர்டாமும் அமைதியாக மாறிவிடவில்லை. 1970இலும் 1979இலும் பெரும் வேலைநிறுத்தங்கள் அதனை உலுக்கின. ஆனால் அங்கு சரக்கு அதே துறைமுகத்தில் தங்கியது; லண்டனில் துறைமுகமே இடம்பெயர்ந்தது.

இரு நாடுகளின் இறக்குமதிச் செலவை ஒப்பிடும் அட்டவணையில் நதியின் கொடையும் நிர்வாகத்தின் விரைவும் டொலராகப் பதிவாகும். வேலையிழந்த குடும்பங்கள் கொடுத்த விலைக்கு அதில் நிரல் இல்லை. நான் அன்று எழுதிய செய்தியிலும் அது இருக்கவில்லை. அக்குறையை இங்கேனும் நிரப்ப வேண்டுமென்று தோன்றிற்று.