எஃகுத் திரை எழுந்த வரலாறு

அமெரிக்க உதைபந்தாட்டம் இலங்கையில் ஆடப்படும் உதைபந்தாட்டத்தின் வேறானது. பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் முன்னேறும் அவ்வாட்டத்தில், தாக்குவோர் பதினொருவரும் காப்போர் பதினொருவரும் தனித்தனி வீரராவர். எனவே காப்பணியைத் தனியே தேடி அமைத்தல் வேண்டும். அதற்குரிய பெருவாயில், கல்லூரி வீரரைத் தொழிற் கழகங்கள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தெரிந்துகொள்ளும் வழக்கமாகும். பேர்ட் பெல் என்பாரின் யோசனைப்படி 1936இல் தொடங்கிய இம்முறையிலே, கடைநிலை எய்திய கழகமே முதலில் தெரியும். முந்திய ஆண்டில் அவருடைய கழகமே கடைநிலையில் நின்றது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

பிற்ஸ்பேர்க் நகரின் ஸ்ரீலேர்ஸ் கழகம் 1933இல் தோன்றியது. நாற்பது ஆண்டுகள் ஒரு பட்டமேனும் பெற்றதில்லை. தோற்றோர்க்கு முதலுரிமை கிடைப்பதே போதுமாயின், இக்கழகம் என்றோ உயர்ந்திருக்கும். 1955இல் தான் தெரிந்தெடுத்த ஜொனி யுனைற்றஸ் என்பாரை ஒரு போட்டியிலும் இறக்காது நீக்கிவிட்டது. அவரோ பின்னர் பெரும்புகழ் பெற்றார். ஆகவே குறை முறையிலன்று, கண்ணிலேயே இருந்தது.

1969 தை மாதத்தில், முப்பத்தேழு வயதினரான சக் நோல் பயிற்றுநராயினார். மறுநாளே நடந்த தெரிவில் ஜோ கிறீன் என்னும் முன்வரிசைக் காவலரை நான்காம் இடத்தில் எடுத்தார். பத்தாம் சுற்றில், 238ஆம் இடத்தில், எல். சி. கிறீன்வுட் கிடைத்தார். அவ்வாண்டுப் போட்டிகளில் வெற்றி ஒன்று, தோல்வி பதின்மூன்று. எனினும் நோல் வழி மாறினாரில்லை.

கிறீன்வுட் பயின்றது கறுப்பின மாணவர்க்கென அமைந்த கல்லூரியொன்றில். அத்தகைய கல்லூரிகளைக் கழகங்கள் பல பொருட்படுத்தாதிருந்த காலம் அது. ஆனால் பிற்ஸ்பேர்க்கின் கறுப்பினப் பத்திரிகையான ‘கூரியர்’ இதழின் விளையாட்டுப் பகுதியை நடத்திய பில் நன், அக்கல்லூரிகளின் சிறந்த வீரரை ஆண்டுதோறும் தெரிந்து வெளியிட்டு வந்தார். பயிற்றுநர்களை அவர் நேரில் அறிவார். அவர்களும் அவரை நம்பினர். அவரைக் கழகம் தன் வீரர் தேடுநராக்கிக் கொண்டதே இவ்வரலாற்றின் திருப்பம் எனலாம். 1970இல் மூன்றாம் சுற்றில் மெல் பிளவுண்ற், 1971இல் எட்டாம் சுற்றில் ஏர்னி ஹோம்ஸ் ஆகியோர் அத்தகைய கல்லூரிகளிலிருந்தே வந்தனர். 1974இல் எக்கழகமும் தெரியாது விட்ட டொனி ஷெல்லும் அவ்வாறே வந்து சேர்ந்தார். பின்னர் புகழ்மண்டபத்திலும் இடம்பெற்றார். பிறர் புறக்கணிப்பு ஸ்ரீலேர்ஸ் கழகத்துக்கு ஊதியமாயிற்று. நன் அவர்களுக்கு அம்மண்டபத்தில் இடங்கிடைத்தது 2021இலேயே. அப்போது அவர் உயிருடன் இல்லை.

பிற கல்லூரிகளிலிருந்து 1971இல் ஜாக் ஹாம், டுவைற் வைற், மைக் வாக்னர் ஆகியோரும், 1974இல் ஜாக் லம்பேர்ட்டும் தெரியப்பட்டனர். கிறீன், கிறீன்வுட், ஹோம்ஸ், வைற் என்னும் நால்வரின் முன்வரிசையே ‘எஃகுத் திரை’ எனப் பெயர் பெற்றது. பிற்ஸ்பேர்க் எஃகு வார்க்கும் நகர். ‘இரும்புத் திரை’ என்பதோ அக்கால அரசியலில் அடிபட்ட சொல்.

1975 தையில் மினசோற்றா அணியை 16–6 எனவென்று கழகம் முதற்பட்டம் பெற்றது. அன்று எதிரணியினர் பந்தேந்தி ஓடிப் பெற்றது 17 யார் மாத்திரமே. 1976இல் முதல் ஐந்து போட்டிகளில் நான்கில் தோற்றபின், எஞ்சிய ஒன்பதிலும் வென்ற இவ்வணி, அவற்றில் விட்டுக்கொடுத்த புள்ளிகள் 28. ஐந்து போட்டிகளில் ஒன்றேனும் கொடுத்திலது. அவ்வாண்டு பட்டம் கிட்டாமை வேறு கதை. 1978இல், பந்தைப் பெற ஓடுவோரை ஐந்து யாருக்கப்பால் தடுத்துப் பிடித்தலாகாதென விதி மாற்றப்பட்டது. அதனைப் பிளவுண்ற் பெயராலேயே இன்றும் வழங்குவர்.