படுகளமும் வெள்ளை முகமூடியும்

1978ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நகரில் ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' திரைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து, அக்டோபர் 28 அன்று, தீபாவளியை ஒட்டித் தமிழகத்தில் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வெளியாயிற்று. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எடுக்கப்பட்டிருக்க வழியே இல்லை. ஆயினும் இரண்டும் கொலையையே வாடிக்கையாகக் கொண்ட ஓர் ஆண்மகனின் கதைகள். இரண்டும் பண்டிகைக் கூட்டத்தை நம்பிக் கடைவிரித்தவை. இரண்டிற்கும் கூட்டம் வந்தது. புத்தாடையும் இனிப்புமாக இருக்கவேண்டிய நாளில் மக்கள் ஏன் கழுத்தறுப்பைப் பார்க்கக் காசு கொடுத்துப் போகிறார்கள் என்ற கேள்வி, இலக்கியம் பயில்வோர் ஒதுக்கித் தள்ளக்கூடிய கேள்வி அன்று என்றே நாம் கருதுகிறோம்.

'ஹாலோவீன்' ஏறக்குறைய மூன்று லட்சம் டாலர் செலவில் முடிந்த படம். பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இளம்பெண்களை ஒருவன் துரத்திக் கொல்வது என்பதே முதலில் எண்ணிய கதை. அதை ஒரே இரவுக்குள், அதுவும் ஹாலோவீன் இரவுக்குள் அடக்கலாம் என்ற யோசனை தயாரிப்புத் தரப்பில் இர்வின் யாப்லான்ஸ் கூறியது. வசந்த காலத்தில் கலிபோர்னியாவில் படம்பிடித்ததால் இலையுதிர்காலச் சருகுகள் கிடைக்கவில்லை. இலைகளுக்கு வண்ணம் பூசித் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் அள்ளி மீண்டும் பயன்படுத்தினார்கள். கொலைகாரனின் முகமூடி, கடையில் வாங்கிய 'ஸ்டார் டிரெக்' கேப்டன் கிர்க்கின் முகம். அதற்கு வெள்ளையடித்தார்கள். இசையும் இயக்குநருடையதே. இத்தனை பேர் பார்த்து நடுங்கிய படத்தில் இரத்தம் மிகக் குறைவு.

அதன் கவர்ச்சி பண்டிகையிலேயே இருக்கிறது. மற்ற நாளில் முகமூடியணிந்து ஒருவன் வாசலில் நின்றால் கதவைச் சாத்துவார்கள். அன்று இரவு மட்டும் சிரித்துக்கொண்டே திறந்து மிட்டாய் கொடுப்பார்கள். ஊர் தன் காவலைத் தானே தளர்த்திக்கொள்ளும் அந்த ஓர் இரவில் உண்மையான கொலைகாரனும் வேடக்காரர்களுள் ஒருவனாகத் தெருவில் நடந்து போய்விடுகிறான்.

செஞ்சிச் சீமையில், வல்லம் ஒன்றியத்து ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை அதிகம் இராது. திரௌபதி அம்மன் வழிபாட்டின் நெஞ்சகம் இந்தப் பகுதி. செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலை மூலமாகக் கொண்டு ஆல்ஃப் ஹில்ட்பெய்ட்டல் 1988இல் வெளியிட்ட ஆய்வுநூல் உலகறிந்தது. இரவெல்லாம் முகவீணையும் மத்தளமும் முழங்கக் கட்டை வேடங்கள் ஆடிமுடிக்கும் பாரதக்கூத்தின் இறுதிநாள், படுகளம். திடலில் துரியோதனன் மண்ணுருவாக மல்லாந்து கிடப்பான். தொடையில் சிவப்புக் கரைசலை மறைத்து வைத்திருப்பார்கள். வீமன் அடித்ததும் அது பீறிட, பாஞ்சாலி தன் சபதப்படி கூந்தல் முடிக்கிறாள். குருதியே எண்ணெய், விலா எலும்பே சீப்பு, குடலே பூச்சரம். வெளிநாட்டுப் படத்தில் இதைக் கண்டால் முகம் சுளிக்கும் பாட்டிமார் இங்கே முன்வரிசையில் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்திருப்பார்கள்!

அதைவிடவும் கொடியது அசுவத்தாமன் கதை. போர் முடிந்த இரவு. ஆலமரத்தடியில் உறக்கமின்றிக் கிடப்பவன், தூங்கும் காக்கைகளை ஒரு கோட்டான் ஓசையின்றி வந்து ஒவ்வொன்றாகக் கொல்வதைப் பார்க்கிறான், வழி கிடைத்துவிட்டது. பாசறைக்குள் தனியே நுழைகிறான். வாயிலில் கிருபனும் கிருதவர்மனும் நின்று, தப்பியோடி வருவோரை வெட்டுகிறார்கள். உள்ளே இளம்பஞ்சபாண்டவர் உறக்கத்திலேயே மாள்கின்றனர். வெற்றியின் களைப்பில் காவல் தளர்ந்த வேளை, இருட்டு, தூங்கும் பிள்ளைகள், கூடாரம் கூடாரமாக நகரும் ஒருவன். பின்னாளில் ஹாலிவுட் இலக்கணமாக்கிக்கொண்ட உறுப்புகள் அத்தனையும் இதில் உள. வகுப்பில் பாரதம் நடத்துகையில் கடைசி இருக்கை மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதும் இந்த இடத்தில்தான்.

மேல்மலையனூர் அங்காளம்மனின் மயானக்கொள்ளையையும் இங்கே நினைக்கலாம். மாசியில் சிவராத்திரியை அடுத்த அமாவாசையில் காளி வேடமிட்டோர் சுடுகாட்டுக்குப் பெருங்கூட்டத்தோடு போகும் திருவிழா அது. அச்சத்தை ஊரே கூடி, நாள் குறித்து, வீதிவழியே அழைத்துச் செல்வது நமக்குப் பழக்கம்.

'சிகப்பு ரோஜாக்க'ளில் பண்டிகை கதைக்கு வெளியே, வெளியீட்டு நாளில் மட்டும் நிற்கிறது. 'பதினாறு வயதினிலே', 'கிழக்கே போகும் ரயில்' என்று வயல்வெளி காட்டிய பாரதிராஜா நகரத்து மாளிகைக்குள் புகுந்த படம் அது. கமல்ஹாசனின் திலீப் பெண்களை அழைத்துவந்து கொன்று தோட்டத்தில் புதைக்கிறான். மேலே ரோஜா பூக்கிறது. அக்கொலைகள் படமாக்கப்பட்டு, பெண்களை வெறுக்கும் வளர்ப்புத் தந்தைக்குத் திரையிடப்படுகின்றன. இருட்டறையில் அமர்ந்து பெண் சாவதைப் பார்த்து மகிழும் அக்கிழவருக்கும் அரங்கில் அமர்ந்திருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு என்று படம் கேட்காமல் கேட்கிறது. அதன் ஆகச்சிறந்த கற்பனை இதுவே.

ஆனால் அந்தக் கேள்வியைப் படமே கைவிட்டுவிடுகிறது. கார்பென்டர் தம் கொலைகாரனுக்குக் காரணம் எதுவும் தரவில்லை. ஆறு வயதில் தமக்கையைக் குத்திய பிள்ளை, வளர்ந்து திரும்பி வருகிறான், அவ்வளவுதான். பாரதிராஜாவோ திலீப்புக்கு அநாதைச் சிறுவன் ஒருவனின் கண்ணீர்க் கதையைக் கொடுத்து, பழியைப் பெண்கள்மேல் ஏற்றிவிட்டார். இரக்கம் கொன்றவனுக்குப் போகிறது. புதைந்த பெண்களுக்காக அழ ஆளில்லை. படத்தின் இசையும் நிவாஸின் ஒளிப்பதிவும் எத்துணை உயர்ந்தனவாயினும் இக்குறையை நாம் மன்னிக்க இயலவில்லை. அதே தீபாவளிக்கு, அக்டோபர் 30 அன்று, ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' வெளிவந்தது. அதிலும் கமல்; அதிலும் இளையராஜா. அங்கே கமல் பெண்களின் நிலை பற்றி ஆவணப்படம் எடுப்பவர். காயம்பட்ட பெண்ணைக் காட்டிய அந்தப் படத்திற்கு முதலில் கூட்டமில்லை. பெண்களைக் கொன்ற படம் வெற்றிகரமாக ஓடி, 1980இல் ராஜேஷ் கன்னா நடிக்க 'ரெட் ரோஸ்' என்று இந்திக்கும் போயிற்று.

படுகளம் இவ்விடத்தில் வேறுவழி செல்கிறது. துரியோதனன் வீழ்ந்ததும் அவன் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைப்பாள். பகைவன்தான், பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்துவரச் செய்தவன்தான், ஆனாலும் அழுகை உண்டு. சில ஊர்களில் மாண்டவராகப் படுத்திருப்போர்மேல் மஞ்சள்நீர் தெளித்து எழுப்புவார்கள். கொலையைப் பார்க்க வந்த கூட்டம் இழவு கேட்டுவிட்டே வீடு திரும்புகிறது.

'ஹாலோவீன்' முடிவில் சுடப்பட்டு மாடியிலிருந்து விழுந்தவனின் உடல் காணாமற்போகிறது. வெற்று அறைகள் ஒவ்வொன்றாகத் தெரிய, மூச்சொலி மட்டும் கேட்கிறது. 2022இல் வந்த 'ஹாலோவீன் எண்ட்ஸ்' வரை அவ்வரிசையில் பதின்மூன்று படங்கள் வந்துவிட்டன. திலீப்பின் முடிவு சிறையில். நினைவிழந்தவனுக்கு எஞ்சியிருப்பது சாரதா என்ற பெயர் மட்டும். இங்கே திடலில் வெயில் ஏறியதும், வயலுக்கும் குதிருக்கும் நல்லது என்று துரியோதனன் மண்ணில் ஒரு பிடி முந்தானையில் முடிந்துகொண்டு போவோர் உண்டு. மாலையில் தீமிதி; அதற்கான விறகு அதற்குள் அடுக்கப்பட்டிருக்கும்.