முடியிழந்த நாட்டில் முடிதரித்தோர்: வட்டுக்கோட்டைக் கூத்து பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வட்டுக்கோட்டை என்னும் ஊர்ப்பெயர் ஈழத்து வரலாற்று நூல்களில் இரு நிகழ்ச்சிகளோடு இணைத்தே பெரும்பாலும் பேசப்படுகின்றது. ஒன்று, 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் அங்கு நிறுவிய செமினரி. மற்றையது, 1976ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் அத்தொகுதியைச் சேர்ந்த பண்ணாகத்தில் நிறைவேற்றப்பட்ட தீர்மானம். இவ்விரண்டுக்கும் முற்பட்டதாய், கல்வெட்டிலோ அரசாங்க ஏட்டிலோ இடம்பெறாததாய் அவ்வூருக்கு மூன்றாவது வரலாறு ஒன்றுண்டு. அது கூத்தின் வரலாறு. யாழ்ப்பாணக் கூத்து மரபில் ‘வட்டுக்கோட்டை மோடி’ என ஓர் ஆட்டமுறை தனியே பெயர்பெற்று வழங்குவதும், அம்மோடியில் ஆடப்பெறும் தருமபுத்திரன் நாடகம் ஊரின் அடையாளங்களுள் ஒன்றாய் நிலைத்திருப்பதும் இதற்குச் சான்று. எனினும் கூத்தைப் பற்றிய எழுத்துக்கள் அதன் தாளக்கட்டையும் ஆட்டக்கோலங்களையும் விரித்துரைத்த அளவுக்கு, அது யாது கதையை, எக்காலச் சூழலில், யாரைக்கொண்டு நடித்துக் காட்டிற்று என்னும் வினாவை எழுப்பவில்லை.

18ஆம் நூற்றாண்டில் வட்டுக்கோட்டையில் வாழ்ந்த கணபதி ஐயரிலிருந்து இவ்வினாவைத் தொடங்குதல் பொருத்தமாகும். புலவர் சரிதம் எழுதியோர் இவருக்கு உரியனவாகக் கூறும் நூல்களில் வாளபிமன் நாடகம், அலங்காரரூப நாடகம், அதிரூபவதி நாடகம், மலையகந்தினி நாடகம் என்பன உள்ளன. இப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். வாளபிமன் ஒன்று நீங்கலாக ஏனையவை இதிகாசப் புகழ்பெற்ற தலைவர்களின் பெயரைத் தாங்கியவை அல்ல. அரசகுமாரரும் அரசிளங்குமரியரும் உலவும் அற்புதக் கதையுலகைச் சார்ந்த பெயர்கள் அவை. வாளபிமன் நாடகமும் பாரதப்போரைப் பாடவந்ததன்று. அபிமன்னனின் வீரமணத்தைப் பொருளாகக் கொண்டது.

அபிமன்னன், சுந்தரி கதை தமிழ் நாட்டார் மரபில் பெரிதும் பயின்றது. கண்ணன் மகள் சுந்தரி அபிமன்னனுக்கென்று பேசப்பட்டவள். பாண்டவர் நாடிழந்து வனம் சென்றபின் அவள் துரியோதனன் மகன் இலக்கணனுக்கு நிச்சயிக்கப்படுகின்றாள். மகனை அழைத்துக்கொண்டு சுபத்திரை காட்டுவழி புறப்படுகின்றாள். வழியில் அரக்கன் ஒருவன் மறிக்கின்றான், போர் மூள்கின்றது. மறித்தவன் வீமன் மகன் கடோற்கசன் என்பதும் இருவரும் அண்ணன் தம்பி முறையினர் என்பதும் பின்னரே தெரியவருகின்றன. அதன்மேற் கடோற்கசனின் மாயம் துவாரகையிற் புகுந்து மணவறையையே தலைகீழாக்குகின்றது. 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மாயாபஜார்’ திரைப்படத்தின் வழியாக இக்கதையின் ஒரு வடிவத்தைப் பலர் அறிவர். அதனைத் திரைக்கு முன்பே தமிழ்க் கிராமங்கள் இரவிரவாகக் கண்டிருந்தன.

இக்கதையின் கட்டுக்கோப்பு கவனிக்கத்தக்கது. நாடிழந்தவர்களின் மகன் ஒருவன், தனக்குரியதை வலியவர் பறித்தபோது, தான் கண்டறியாத காட்டைக் கடந்து, பகைவன் என்று எண்ணியவனை உறவினனாகப் பெற்று, அவன் துணையால் அதனை மீட்கின்றான். இதனை எழுதியவரும் ஆடியவரும் பார்த்தவரும் எத்தகைய நாட்டில் இருந்தனர்? 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். கணபதி ஐயர் நாடகம் இயற்றிய காலத்தில் யாழ்ப்பாணத்தில் முடிசூடிய தமிழ் மன்னன் ஒருவனைக் கண்ணாற் கண்டவர் எவரும் உயிரோடு இருந்திருக்க முடியாது. ஆள்வோன் கோட்டைக்குள் இருந்த கொமாந்தர். அவனுக்குக் கட்டியம் கூறுவோர் கிராமத்தில் இல்லை. ஆயின் களரியிலோ கட்டியகாரன் வந்து, அரசர் கொலுவுக்கு எழுந்தருளும் செய்தியை அறிவித்துக்கொண்டே இருந்தான். நாட்டில் இல்லாதொழிந்த அரசவை கூத்துக் களரியில் ஆண்டுதோறும் கூடிற்று. கூத்து நூல்களில் அரசியல் எதிர்ப்பு வெளிப்படையாக இல்லை என்பது உண்மையே. அத்தகைய நேர்ச்சொல்லைத் தேடுவதும் பொருந்தாது. அரசன் எப்படி நடப்பான், எப்படி நீதி கேட்பான், நாடிழந்தால் எப்படித் தாங்குவான் என்பவற்றை ஒரு சமூகம் தன் உடம்பாற் பயின்று நினைவில் வைத்திருந்தது என்பதே முக்கியமாகும்.

பயிற்சி என்னும் சொல் ஈண்டு முழுப்பொருளில் ஆளப்படுகின்றது. கூத்து ஒரு நாளில் ஆடி முடியும் பொழுதுபோக்கன்று. அண்ணாவியார் ஊரவரோடு கூடி இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று தீர்மானித்துச் சட்டங் கொடுப்பார். அதன்பின் மாதக்கணக்கில், தோட்டவேலை முடிந்த இரவுகளில், மத்தளத்துக்கும் சல்லரிக்கும் ஏற்ப ஆட்டமும் பாட்டும் பழக்கப்படும். எழுத்தறியாதோரும் நூற்றுக்கணக்கான தருக்களைக் கேள்வியாலேயே மனனம் செய்தனர். வெள்ளுடுப்பு முடிந்து அரங்கேற்றம் வரும்போது, அவ்வாட்டக்காரன் பல மாதங்கள் தருமனாகவோ துரியோதனனாகவோ வாழ்ந்து பழகியிருப்பான். அரங்கேறியபின் நடித்த பாத்திரத்தின் பெயராலேயே ஊரில் ஒருவர் ஆயுள் முழுவதும் அழைக்கப்படுவதும் உண்டு.

களரியிற் காட்சித்திரை இல்லை. காடும் அரண்மனையும் வரைந்து தொங்கவிடப்படுவதில்லை. அத்தினாபுரத்திலிருந்து துவாரகைக்குச் செல்லவேண்டுமாயின் ஆட்டக்காரன் வழிநடைத் தரு ஒன்றைப் பாடிக் களரியை ஒருமுறை சுற்றிவருவான், துவாரகை வந்துவிடும். பந்தத்தின் ஒளியிலும், பிற்காலத்திற் பெற்றோமாக்ஸ் விளக்கின் ஒளியிலும், அறுவடை முடிந்த வயல்வெளி அடர்ந்த வனமாயிற்று. பனையும் வடலியும் அன்றி வேறு காடறியாத ஊரார் அவ்வனத்தை ஐயமின்றிக் கண்டனர்.

தான் காணாத நாட்டைத் தன் மண்ணில் நடித்துக்காட்டும் இவ்வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்துக் கரையோரங்களிலும் மன்னாரிலும் கத்தோலிக்க மக்கள் எஸ்தாக்கியார் நாடகத்தில் உரோமைப் படைத்தலைவனாயினர். என்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தில் ஐரோப்பியப் பேரரசனாயினர். ‘எம்பரதோர்’ என்னும் சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. கேரளக் கரையிற் சவிட்டு நாடகமாக ஆடப்பெறும் காறல்மான் சரிதம், 768 முதல் 814 வரை ஆண்ட பிராங்கிய மன்னன் சாள்ஸ் பெருமகனின் கதை. அதனை ஆக்கியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்னும் தமிழர் என்பது மரபுவழிச் செய்தி. அதே மன்னனும் அவனுடைய பன்னிரு வீரரும் மெக்சிக்கோக் கிராமங்களில் இன்றும் ஆடப்படுகின்றனர். ஐபீரிய நாட்டுக் கப்பல்கள் கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாகக் கொண்டுசென்ற கதை, இரு பெருங்கடல்களுக்கு அப்பால், ஒருவரை ஒருவர் அறியாத இரு மக்களால் ஆடப்பட்டது.

மெக்சிக்கோவின் நிகழ்ச்சி ஒன்று வட்டுக்கோட்டையை விளங்கிக்கொள்வதற்குப் பெரிதும் உதவுவது. அஸ்தெக் மக்களின் தலைநகரான தெனோச்தித்லான் 1521இல் கோர்த்தேஸ் என்னும் ஸ்பானியத் தளபதியிடம் வீழ்ந்தது. அப்போரில் அவனுக்குத் துணைநின்ற திலாஸ்கலா மக்கள், 1539ஆம் ஆண்டு தேவநற்கருணைத் திருநாளில் ‘எருசலேமின் வெற்றி’ என்னும் மாபெரும் நாடகத்தை நிகழ்த்தினர். மொத்தொலினியா என்னும் பிரான்சிஸ்கன் துறவியின் நூல் இதனை விரிவாகக் கூறுகின்றது. நகரச் சதுக்கத்தில் எருசலேம் கட்டப்பட்டது. ஸ்பெயின் படையும் புதிய ஸ்பெயின் படையும் அதனை முற்றுகையிட்டன. இரு படையிலும் நின்றவர் சுதேசிகளே. இறுதியில் எருசலேமின் சுல்தான் தோற்றுப் பணிந்தான். அவனுடைய வீரராக நடித்தோரிற் சிலருக்கு அவ்விடத்திலேயே மெய்யாக ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது.

தோற்றுப் பணிந்த அச்சுல்தானின் பாத்திரத்துக்குச் சூட்டப்பட்ட பெயர் கோர்த்தேஸ். அவனுடைய படைத்தலைவனுக்கு இடப்பட்ட பெயர், கோர்த்தேசின் துணைத்தளபதியான அல்வராதோவினுடையது. மெக்சிக்கோவை வென்றவர்களை மெக்சிக்கோவின் சதுக்கத்திலேயே நாடகத்திற் தோற்கடித்தனர். இது துறவிகளின் குறும்பா, திலாஸ்கலா மக்களின் குறும்பா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுவர். யாருடையதாயினும், வேறொரு நாட்டின் பெயராற் தன் நாட்டைப் பேசமுடியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். எருசலேம் அவர்களுக்குத் தொலைவில் இருந்தமையே அவர்களுக்குப் பாதுகாப்பாயிற்று. ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணத்தில் அத்தினாபுரமும் அவ்வாறே தொலைவில் இருந்தது.

மாயர் என்னும் பெயரையும் மயன் என்னும் பெயரையும் ஒப்பிட்டு இரு நிலத்தாரும் ஓரினத்தார் என நிறுவ முயல்வோர் உளர். ஒலியொப்புமை வரலாற்றுச் சான்றாகாது. ஈண்டு கூறப்படுவது இனத்தொடர்பன்று. ஒத்த நிலைமையில் இரு மக்கள் ஒத்த வழியை மேற்கொண்டமையேயாகும்.

மீண்டும் வட்டுக்கோட்டைக்கு வருவோமாயின், அந்நியர் முன் தமிழர் நடித்தனர் என்பதோடு வினா முடிவதில்லை. ஊருக்குள் யார் முடிதரிக்கலாம் என்பது அதனினும் கடியது. யாழ்ப்பாணச் சமூகம் சாதியடுக்கிற் கட்டப்பட்டது. கூத்தைப் பேணியவரிற் பெரும்பாலார் உழைக்கும் மக்கள். பகலிற் பிறர் தோட்டத்திற் குனிந்து நின்றவன் இரவில் கிரீடமும் புயக்கட்டையும் அணிந்து அரசனாக நிமிர்ந்தான். இந்நிமிர்வு விடியும்வரைக்குமே என்பதையும் மறைத்தல் ஆகாது. கூத்து சாதியைத் தகர்த்தது என்று கூறுவது மிகை. ஒரே ஊரில் வெவ்வேறு சாதியார் வெவ்வேறு களரிகளில் ஆடினர் என்பதே நடைமுறை. எனினும், அம்மனுக்கு நேர்த்தியாக ஆடப்பெறும் காத்தவராயன் கூத்தில், தாழ்ந்தவன் எனப்பட்ட காத்தவராயன் ஆரியமாலையை விரும்பிக் கழுமரம் வரை செல்லும்போது, பார்த்திருந்தோர் எவர் பக்கம் நின்று கண்ணீர் விட்டனர் என்பதும் வரலாற்றில் எழுதப்படவேண்டியதே.

மிசனரிமார் இவற்றை அஞ்ஞானிகளின் இராக்காலக் கேளிக்கையாகவே கண்டனர். செமினரியில் வானசாத்திரமும் கணிதமும் கற்பிக்கப்பட்டன. அதன் மதிலுக்கு அப்பால் ஒலித்த மத்தளம் கல்வியாகக் கொள்ளப்படவில்லை. சைவப் பண்டிதர் மரபும் இவ்வகையில் மிசனரிமாரின் நோக்கிலிருந்து வெகுதூரம் விலகிற்றன்று. செமினரியின் மாணவர் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்றி அழிவிலிருந்து காத்தார். அப்பணியின் பெருமை குறையாது. ஆயினும் அவரைப் படிப்பித்த ஊரின் கூத்தேடுகள் அவ்வகைக் கவனத்துக்கு உரியனவாக அந்நூற்றாண்டிற் கருதப்படவில்லை. எது இலக்கியம் என்பதைச் சங்கப்பாடல் தீர்மானித்தது. அண்ணாவியாரின் கொப்பி அந்த அளவுகோலுக்குள் அடங்கவில்லை.

குவாத்தமாலாவின் இரபினால் என்னும் ஊரிலும் இத்தகைய ஏடு ஒன்று இருந்தது. சிறைப்பட்ட வீரன் ஒருவன் அந்நிய அரசன் முன் விசாரிக்கப்பட்டுப் பலியிடப்படும் ‘இரபினால் ஆச்சி’ என்னும் அந்நாடகம், ஸ்பானியர் வருகைக்கு முற்பட்ட மாயர் அரசுகளின் பகையைப் பொருளாகக் கொண்டது. அதனை மனனமாக வைத்திருந்த பர்த்தோலோ சிஸ் 1850இல் எழுத்தில் இறக்கினார். பிரான்சியக் குரு ஒருவர் 1862இற் பாரிசில் அச்சேற்றினார். அவ்வூரில் அது இன்றும் சனவரி மாதத்திற் புனித பவுல் திருநாளில் ஆடப்படுகின்றது.

ஈழத்தில் அப்பணி ஒரு நூற்றாண்டு கழித்தே நடைபெற்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அலங்காரரூபன் நாடகத்தை 1962இலும், மூவிராசாக்கள் நாடகத்தை 1966இலும், ஞானசவுந்தரி நாடகத்தை 1967இலும் பதிப்பித்தார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு 1962இற் கர்ணன் போர், 1964இல் இராவணேசன் ஆகியவற்றை மேடையேற்றினார். வட்டக்களரி படச்சட்ட மேடையாகச் சுருங்கியமையால் இழந்தவை உண்டு. ஆயினும் விடியும்வரை நீண்ட கூத்து இரண்டு மணித்தியாலத்துள் அடங்கியபோதே கற்றோர் அதனை அமர்ந்து பார்த்தனர். 1960களின் பிற்பகுதியில் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் எழுந்தபோது, என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ காத்தவராயன் கூத்து மெட்டில் ஆடப்பட்டது. முருகனையே பாத்திரமாக்கிக் கோயில் வாசலை அது பேசிற்று. வாளபிமன் காட்டுவழியாற் சுற்றிச் சென்று கூறியதை அது ஊர்ப்பெயர் சொல்லியே கூறிற்று.

வித்தியானந்தன் 1962இற் பதிப்பித்த அலங்காரரூபன் மட்டக்களப்புத் தென்மோடிக் கூத்து. கணபதி ஐயரின் நூற்பட்டியலிலும் அலங்காரரூப நாடகம் உள்ளது. ஒரே கதை இரு கரைகளில் இருவரால் நாடகமாக்கப்பட்டதா, அல்லது வட்டுக்கோட்டை ஏடு ஒன்று அண்ணாவிமாரின் கைவழி கிழக்கே சென்றதா என்பது இரு மரபின் ஏடுகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாட ஒப்பீடு செய்தே முடிவுசெய்யப்படவேண்டியது. அவ்வொப்பீட்டுக்கு வேண்டிய கொப்பிகள் நூலக அலுமாரிகளில் அன்றி, அண்ணாவிமாரின் குடும்பங்களிடமே தேடப்படவேண்டியவை.