றொச்டேல் நெசவாளரும் கூட்டுவாழ்வின் விழுமியங்களும்

மனிதர் பலர் ஓரிடத்திற் கூடுவதனாலேயே ஒரு குழு உருவாகிவிடுவதில்லை. கூடியவர்கள் ஒருவரையொருவர் நம்புவதற்கும், கருத்தால் வேறுபடுவதற்கும், வேறுபட்ட பின்னரும் சேர்ந்து தொழிற்படுவதற்கும் சில விழுமியங்கள் வேண்டும். இவ்விழுமியங்கள் சான்றோர் சிலரின் உள்ளத்தில் உதித்துப் பின்னர் மக்களுக்குப் போதிக்கப்பட்டவை என்று கருதுவோர் உளர். வரலாறு வேறுவிதமாகப் பேசுகின்றது. தோல்வியிலிருந்து கற்றுக்கொண்ட சாதாரண மக்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட விதிகளிலேதான் கூட்டுவாழ்வின் விழுமியங்கள் வடிவம் பெற்றன. இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள றொச்டேல் என்னும் நெசவு நகரின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாற்பதுகளை ஆங்கில வரலாற்றாசிரியர் பசியின் தசாப்தம் என்றே அழைப்பர். பிளனல் என்னும் மெல்லிய கம்பளித்துணி நெசவுக்குப் பெயர்பெற்ற றொச்டேலில், விசைத்தறியின் வருகை கைத்தறியாளரின் கூலியைக் கீழே தள்ளியது. கூலியுயர்வு கோரி அவர்கள் எடுத்த முயற்சி தோல்வியுற்றது. கிடைத்த சொற்பக் கூலியையும் கடைக்காரரின் கடன்கொப்பியும், கலப்பட மாவும், கள்ளத் தராசும் விழுங்கின. இந்நிலையிலேதான் வாரந்தோறும் சில பென்ஸ் சேமித்து, 28 பேர் 28 பவுண் முதல் திரட்டினர். 1844 ஒக்டோபர் 24 இல் அவர்களது சங்கம் பதிவு செய்யப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 21 ஆந் திகதி மாலை, டோட் லேன் என்னும் தெருவிலே கடை திறக்கப்பட்டது. வெண்ணெய், சீனி, கோதுமை மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி ஆகியனவே அன்று விற்பனைக்கு இருந்தவை. கடை திறப்பதைக் காணக் கூடிய ஆலைச் சிறுவர்கள் கேலிசெய்து கூச்சலிட்டனர்.

இவர்கள் ஒரே கொள்கையினர் அல்லர். றொபேட் ஓவனின் சமதர்மக் கருத்துக்களை ஏற்றோர், வாக்குரிமை கோரிய சாசன இயக்கத்தினர், மதுவிலக்குவாதிகள், சமயப் பற்றாளர், சமயத்தை மறுத்தோர் எனப் பலதிறத்தார் அங்கு இருந்தனர். இவர்களைப் பிணைத்தது எது? வறுமை என்று மட்டும் விடையிறுத்தல் போதாது. வறியோர் ஒருவரோடொருவர் போட்டியிடுவதையும் வரலாறு கண்டிருக்கின்றது. பொது வறுமையைப் பொது நம்பிக்கையாக மாற்றியது அவர்கள் வகுத்த ஒழுங்குமுறையே.

அவ்வொழுங்குமுறையின் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஓர் அநுபவம் நின்றது. 1833 இல் இதே நகரிலே தொடங்கப்பட்ட கூட்டுறவுக் கடையொன்று, கடன் கொடுத்துக் கொடுத்தே 1835 இல் மூடப்பட்டது. ஆகவே புதிய கடை கைக்காசுக்கே விற்றது. பணம் படைத்தவனே தீர்மானிப்பவன் என்பதை ஆலையிலே நாளும் கண்டவர்கள், எத்தனை பங்கு வைத்திருப்பினும் ஆளுக்கொரு வாக்கு என்றனர். முதலுக்கு வரையறுத்த வட்டியே வழங்கப்பட்டது. எஞ்சிய இலாபம், அவரவர் கடையில் வாங்கிய பொருளின் அளவுக்கேற்பப் பகிரப்பட்டது. கணக்கு உறுப்பினர் யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டது. மணமான பெண்களின் சொத்துரிமையை ஆங்கிலச் சட்டம் 1870, 1882 ஆம் ஆண்டுகளிலேயே படிப்படியாக ஏற்றது. அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே இச்சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றிருந்தது.

கருத்து வேறுபாட்டை அவர்கள் கையாண்ட விதம் நம் தனிக் கவனத்திற்குரியது. சமய விவகாரம் பற்றிய பூசல் தோன்றியபோது, சிலர் விவாதத்தையே தடைசெய்ய விரும்பினர். ஆயின் 1850 இல் சங்கம் நிறைவேற்றிய தீர்மானம், தக்க வேளையில் தக்க முறையில் எப்பொருள் பற்றியும் பேசும் உரிமை ஒவ்வோர் உறுப்பினர்க்கும் உண்டு என உறுதி கூறியது. பேச்சை அடக்கிப் பெறும் ஒற்றுமை ஒற்றுமையன்று என்பதை அந்நெசவாளர் உணர்ந்திருந்தனர். ஐம்பதுகளின் முற்பகுதியில் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதத்தைக் கல்விக்கென ஒதுக்கினர். கடையின் மேல்மாடியிலே நூலகமும் வாசிப்பறையும் வளர்ந்தன. 1860 அளவில் உறுப்பினர் தொகை 3,450 ஆகவும், மூலதனம் 37,000 பவுணுக்கு மேலாகவும் உயர்ந்தது.

இத்துடன் கதையை நிறுத்தினால் அது புகழ்மாலையாகிவிடும், வரலாறாகாது. 1854 இல் இம்முன்னோடிகள் உற்பத்திச் சங்கமொன்றை நிறுவினர். அதன் பஞ்சாலையில் இலாபத்தை முதலீடு செய்தோர் மட்டுமன்றி, உழைத்தோரும் பகிர்ந்துகொண்டனர். ஆலை செழித்தது. செழிப்பைக் கண்டு புதிய பங்காளர் பலர் சேர்ந்தனர். இவர்களிற் பெரும்பாலோர் தேடிவந்தது பங்குலாபத்தையே. 1862 இல், தொழிலாளர்க்குரிய பங்கு நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர் வெளியிலிருந்து வந்த பகைவரல்லர். சங்கத்தின் உறுப்பினரே பெரும்பான்மை வாக்கால் அதனைச் செய்தனர்.

வாக்குரிமை இருந்தது, கூட்டம் இருந்தது, கணக்கு ஒழுங்காக இருந்தது. இல்லாதுபோனது எது? முதலில் வந்தோர் பசியிலும் தோல்வியிலும் கற்ற பாடத்தைப் பின்வந்தோர் கற்கவில்லை. அவர்களுக்கு அதனைக் கற்பிக்கும் பணி, ஆலை வளர்ந்த வேகத்திற்கு ஈடுகொடுக்கவில்லை. விதியைக் கையளித்துவிடலாம், விதி பிறந்த காரணத்தை ஒவ்வொரு தலைமுறைக்கும் மீண்டும் உணர்த்தவேண்டும். உணர்த்தாவிடத்து, சனநாயகத்தின் வடிவமே அதன் உள்ளடக்கத்தைக் கொல்லும் கருவியாகிவிடும். சர்வதேசக் கூட்டுறவு இணையம் 1937 இல் றொச்டேல் கோட்பாடுகளை வகுத்துரைத்தபோதும், 1995 இல் மான்செஸ்டரிலே ஏழு கோட்பாடுகளாகத் திருத்தியபோதும், கல்வியையும் அவற்றுள் ஒன்றாக வைத்தமை தற்செயலன்று.

நமது நாட்டிற் கூட்டுறவு வந்த வழி வேறு. 1911 இல் குடியேற்ற அரசு நிறைவேற்றிய கட்டளைச் சட்டத்தின் கீழ் நாணய சங்கங்கள் தோன்றின. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், உணவுப் பங்கீட்டின் பொருட்டுப் பண்டகசாலைகள் மிக விரைவாகப் பெருகின. பல கிராமங்களில் மக்கள் தம் உழைப்பால் அவற்றைத் தமதாக்கிக்கொண்டனர். எனினும் மேலிருந்து வந்த விதிகளைச் சுவரிலே தொங்கவிட்டு, சங்கக்கடையை அரசாங்கக் கடையாகவே கருதிய இடங்களும் உண்டு. றொச்டேல் நெசவாளர் தம் விதிகளை வாங்கிய விலை, அவ்விடங்களில் யாராலும் கொடுக்கப்படவில்லை.

இப்பாடம் கடைகளுக்கு மட்டும் உரியதன்று. ஆசிரியர் சங்கம், மாணவர் மன்றம், வாசிகசாலை, நாடகக் குழு ஆகிய யாவற்றிற்கும் இது பொருந்தும். ஒரு மாணவர் மன்றத்தின் யாப்பை ஆசிரியர் எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குவது எளிது. அவர்களே கூடி, பிணங்கி, தவறி, அத்தவற்றிலிருந்து தம் விதியைத் தாமே எழுதும்வரை பொறுத்திருப்பது கடினம். குழுவொன்றை வளர்க்க முற்படுவோன் தலைவனாக முன்னின்று இழுப்பவனல்லன்; கேள்வியை எழுப்பி, பேசாதவனையும் பேசவைத்து, கணக்கை எல்லோர் முன்னும் விரித்து வைப்பவன். அவன் இல்லாத நாளிலும் கூட்டம் நடைபெறுமாயின், அன்று புதிதாய்ச் சேர்ந்த உறுப்பினன் ஒருவன் “இவ்விதி ஏன்?” என்று கேட்க, பழையவன் ஒருவன் விடை கூறுவானாயின், அக்குழு வேரூன்றிவிட்டது எனலாம்.