அமல்பொரி: மனநோய்க்கு மருந்தான ஒரு வேரின் பெயர்கள்

நாட்டு மருந்துக் கடைகளில் சர்ப்பகந்தா என்று கிடைக்கும் வேருக்குத் தமிழில் 'சிவன் அமல்பொடி' என்றும் ஒரு பெயர் உண்டு. சிவனுக்கும் இந்தச் செடிக்கும் ஓர் உறவும் இல்லை. மலையாளத்தில் இது அமல்பொரி, சுவன்ன அவில்பொரி. 'சுவன்ன' என்பது நம்முடைய 'சிவந்த' தான். இதன் பூக்காம்பும் புல்லிவட்டமும் நல்ல சிவப்பு. டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற தாவர நூலிலேயே, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், 'சோவன்ன அமல்பொடி' என்று இது பதிவாகிவிட்டது. அந்தச் சோவன்னவே தமிழுக்கு வந்தபோது சிவன் ஆகியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தாவரவியல் பெயரின் கதை இதைவிட விநோதம். ஆக்ஸ்பர்க் நகர மருத்துவர் லியோன்ஹார்ட் ரவுல்ஃப் 1573இல் சிரியா, மெசபடோமியா பக்கம் மூலிகை தேடிப் போனவர். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. 1703இல் பிளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி அமெரிக்கச் செடிப் பேரினம் ஒன்றுக்கு அவர் நினைவாக ரவுவோல்ஃபியா என்று பெயரிட்டார். நம் செடி பிற்பாடு அதே பேரினத்தில் சேர்க்கப்பட்டது. அதைக் காணாத ஒருவரின் பெயரை அது இன்றும் சுமக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படும் பெயர் பீகாருடையது. அங்கே எளிய மக்கள் இதைப் 'பாகல் கீ தவா' என்றார்கள். பைத்தியத்துக்கான மருந்து என்று பொருள். வெறிகொண்டு அலைபவரை அடக்கவும், தூக்கம் கெட்டவரைத் தூங்க வைக்கவும் இந்த வேரைக் கொடுத்தார்கள். எதற்கு உதவும் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொன்ன பெயர் இது ஒன்றுதான். 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இந்த வேரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் 'புதிய' இந்திய மருந்து என்று தலைப்பிலேயே அறிவித்தார்கள். பீகார்க் குடிசைகளில் பழகிப்போன வேர், ஆய்வேட்டில் ஏறிய அன்றுதான் புதிதாயிற்று! அதே ஆண்டில் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி வேரிலிருந்து பிரித்த ஒரு பொருளுக்குத் தன் புரவலர் ஹகீம் அஜ்மல் கானின் பெயரால் அஜ்மலின் என்று பெயரிட்டார். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், இரத்தக் கொதிப்புக்கு இது பயன்படுவதை 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் எழுதினார். அதன் பிறகே மேல்நாட்டார் கவனம் முழுதாகத் திரும்பியது.

1952இல் பாசல் நகரத்து சீபா மருந்து நிறுவனம் வேரின் சாரத்தைப் பிரித்து ரெசர்பின் என்றது, கடைப்பெயர் செர்பாசில். நியூயார்க் மாநிலத்தின் ராக்லாண்ட் மருத்துவமனையில் நேதன் கிளைன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து, 1954இல் முடிவுகளை வெளியிட்டார். இதற்குச் சற்று முன்பு, 1953இல், சீபாவின் யாங்க்மன் இம்மருந்தின் குணத்தைச் சொல்ல எடுத்த ஆங்கிலச் சொல்லிலிருந்துதான் 'டிரான்குவிலைசர்' (அமைதிப்படுத்துவது) என்ற மருந்துப்பெயர் பரவியது. ஆனால் அந்தச் சொல்லுக்கு அதற்கு முன்பே ஒரு வாழ்வு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ், கை, கால், உடல் எல்லாவற்றையும் கட்டி, தலையை ஒரு பெட்டிக்குள் அடைக்கும் நாற்காலி ஒன்றைச் செய்தார். அதற்கும் பெயர் டிரான்குவிலைசர்தான். மனநோய் மருந்துகளைப் பற்றி எழுதுபவர்கள் அந்த நாற்காலியை மறக்கக் கூடாது. அமைதி யாருக்குக் கிடைத்தது, நோயாளிக்கா, அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கா என்ற கேள்வி இந்தச் சொல்லோடு பிறந்தது, இன்னும் தீரவில்லை.

வேர் இன்னொரு வாசகத்துக்கும் விதை போட்டது. 'மூளையில் ஒரு கெமிக்கல் குறைந்துவிட்டது, அதை மாத்திரை சரி செய்யும்' என்று நம் ஊரிலும் மருத்துவர்கள் சொல்லக் கேட்கிறோம். 1955இல் பிளெச்சர், ஷோர், பிராடி மூவரும் ரெசர்பின் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை வெளியேற்றிவிடுவதைக் காட்டினார்கள். 1957இல் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா என்ற பொருளைச் செலுத்தி எழுப்பினார். பார்க்கின்சன் நோய்க்கான சிகிச்சை அந்த வழியில் வந்தது. ரெசர்பின் உண்டவர்களில் சிலர் சோர்ந்துபோனார்கள் என்ற செய்தியும் சேர, வேதிப்பொருள் குறைந்தால் மனச்சோர்வு வரும் என்ற கொள்கை உருவாயிற்று. ஆனால் 1955இலேயே லண்டனின் டேவிஸும் ஷெப்பர்டும் நடத்திய சோதனையில், பதற்றமும் சோர்வும் கொண்டவர்களுக்கு ரெசர்பின் நன்மையே செய்தது. அந்த முடிவை அன்று பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. செரட்டோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் மனநல ஆய்வாளர் மான்கிரீஃப் குழுவினர் தொகுத்துக் காட்டினார்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவில்லை என்பதல்ல இதன் பொருள். வேலை செய்யும் விதம் பற்றிச் சொல்லப்பட்ட கதை தேறவில்லை.

கதைகள் ஊருக்கு ஊர் மாறும். மானுடவியலர் ஸ்டெஃபான் எக்ஸ் கல்கத்தாவில் கண்டது இது: மனச்சோர்வு மாத்திரையை 'மனதின் உணவு' என்று சொல்லி மருத்துவர்கள் எழுதித் தந்தார்கள். நம் பக்கத்தில் எந்த மனநோய் மாத்திரையும் 'தூக்க மாத்திரை' அல்லது 'நரம்பு மாத்திரை' ஆகிவிடுகிறது. பைத்தியம் என்ற சொல்லிலிருந்து தப்பவே இத்தனை பெயர்கள். குடும்பத்தின் அந்த அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தூக்கம் வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்களே, அதற்குத் 'தூக்க மாத்திரை' என்ற பெயரும் ஒரு காரணம்.

ரெசர்பினுக்கு இன்று மனநல மருத்துவத்தில் ஏறக்குறைய இடமில்லை. அமல்பொரியோ, காட்டிலிருந்து அளவின்றித் தோண்டப்பட்டதால், பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் 1990 முதல் இருக்கிறது. வேர்ப்பொடியை வாங்கித் தாமாகச் சாப்பிடுபவர்கள் இன்னும் உண்டு. இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கக்கூடிய பொருள் அது; மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து. அது என்ன செய்யும், எத்தனை நாள் வேண்டும் என்று மருத்துவரிடமே தமிழில் கேளுங்கள், விளங்கும்வரை கேளுங்கள்.